வெறியாட்டு முதல் உயர்நீதிமன்றம் வரை: பெண்பிள்ளைகளின் முதல் காதலுக்கு ஒரு வரலாறு

கல்லங்குறிச்சி என்ற ஊர்ப்பெயர் இரண்டு வகையான ஆட்களுக்கு நன்றாகத் தெரியும். ஒரு வகை, கலியுக வரதராசப் பெருமாள் கோயிலுக்கு வருகிறவர்கள். அங்கே மூலவர் சிலை கிடையாது, ஒரு நெடிய கற்கம்பம்தான் பெருமாள். நேர்ந்துகொண்ட தானியத்தையும் மாட்டையும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். இன்னொரு வகை, நிலவியல் படித்தவர்கள். அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் அடுக்குகளில் ஒன்றுக்கு இந்த ஊரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். ஏறக்குறைய ஏழு கோடி ஆண்டுகளுக்கு முன்பு இங்கே கடல் இருந்தபோது வாழ்ந்த சிப்பிகள் அந்தப் பாறையில் அப்படியே கிடக்கின்றன. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில்கூட இந்தப் பெயரை உச்சரிக்க முயன்று திணறுகிறார்கள்!

ஆக, சிப்பிக்கு வரலாறு எழுதியாயிற்று. கம்பத்துக்கும் தலபுராணம் இருக்கிறது. ராமநவமித் தேரோட்டத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நிற்கும் பதினைந்து பதினாறு வயதுப் பெண்பிள்ளைக்கு? அவள் முதன்முதலாக யாரை நினைத்துத் தூக்கம் கெட்டாள், அதை யாரிடம் சொன்னாள், சொன்னபிறகு வீட்டில் என்ன நடந்தது என்பதற்கெல்லாம் கல்வெட்டு கிடையாது. ஆனால் தேடினால் தடயங்கள் இருக்கின்றன. கொஞ்சம் இலக்கியத்தில், கொஞ்சம் சட்டப் புத்தகத்தில், கொஞ்சம் நீதிமன்றத் தீர்ப்பில்.

சங்க இலக்கியத்திலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். நாமும் அங்கிருந்தே தொடங்குவோம், ஆனால் பள்ளிக்கூடத்தில் அவ்வளவாகச் சொல்லித்தராத ஒரு இடத்திலிருந்து. அகப்பாடல்களில் வரும் தலைவிக்கு வயது சிறியது. களவுக் காதலில் விழுந்தவுடன் அவள் உடம்பு மெலிகிறது, சாப்பாடு இறங்கவில்லை, நிறம் மாறுகிறது. ஊர் 'அலர்' பேசுகிறது. வீட்டில் அவளை வெளியே விடாமல் அடைத்து வைக்கிறார்கள். இதற்கு இற்செறிப்பு என்று பெயர். தாய் என்ன செய்கிறாள்? மகளுக்கு நோய் வந்துவிட்டது, முருகன் அணங்கிவிட்டான் என்று நினைத்து வேலனைக் கூப்பிடுகிறாள். அவன் கழங்கு போட்டுக் குறி பார்க்கிறான், ஆட்டை அறுத்துப் பலி கொடுக்கிறான், களம் இழைத்து ஆடுகிறான். இதுதான் வெறியாட்டு. காதலை நோய் என்று நினைத்து மருந்து தேடும் பழக்கம் நம்மிடம் எவ்வளவு பழசு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

அந்த இடத்தில்தான் தோழி வாயைத் திறப்பாள். 'இது முருகனால் வந்ததல்ல, இன்னாரால் வந்தது' என்று செவிலியிடம் உண்மையைப் போட்டு உடைப்பாள். இதற்கு அறத்தொடு நிற்றல் என்று இலக்கணம் பெயர் வைத்திருக்கிறது. உண்மையைச் சொல்வதையே அறத்தின் பக்கம் நிற்பதாகச் சொன்ன அந்தப் பெயர் எவ்வளவு அழகானது! தோழியை மட்டும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவளிடம் பிறகு வரவேண்டியிருக்கிறது.

சங்கப் புலவர்களில் பெண்களும் உண்டு. வெள்ளிவீதியாரின் பாடல்களை அவருடைய சொந்த வாழ்க்கை என்றே பலர் வாசித்து வந்திருக்கிறார்கள். ஔவையாரே அவர் அலைந்து திரிந்ததைக் குறிப்பிட்டிருக்கிறார். ஆனாலும் மொத்தத் தொகையில் பார்த்தால், தலைவியின் மனசைச் சொன்னவர்களில் பெரும்பாலோர் ஆண்கள்தான்.

இதன் உச்சம் இன்றைய அரியலூர் மாவட்டத்திலேயே நடந்தது. கங்கைகொண்ட சோழபுரம் சோழர் தலைநகராக இருந்த 12ஆம் நூற்றாண்டில், ஒட்டக்கூத்தர் விக்கிரம சோழன், இரண்டாம் குலோத்துங்கன், இரண்டாம் இராசராசன் ஆகிய மூவர் மீதும் உலா பாடினார். மூவருலா என்று சேர்த்துச் சொல்வார்கள். அரசன் வீதியில் பவனி வருவான். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று ஏழு பருவத்துப் பெண்களும் அவனைப் பார்த்து மயங்குவார்கள். பாட்டியல் நூல்கள் இந்தப் பருவங்களுக்கு வயதுக்கணக்கே கொடுத்திருக்கின்றன. பரவலாகச் சொல்லப்படும் கணக்கில் மங்கைக்கு 12, 13; மடந்தைக்கு 14 முதல் 19. நூலுக்கு நூல் கொஞ்சம் மாறும். பெண்ணின் மனசு வயதுக்கு வயது மாறுகிறது என்று கவனித்துப் பிரித்தவர்கள், அவள் யாரை நினைப்பாள் என்ற கேள்விக்கு மட்டும் ஒரே பதில்தான் வைத்திருந்தார்கள். அரசனை! தலைநகரத்தில் வேறு ஆளே இல்லையா என்று அந்த மடந்தையைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

ஆண்டாள் இதற்கு விதிவிலக்கு. மானிடருக்கு வாழ்க்கைப்பட மாட்டேன் என்று தன் வாயாலேயே சொன்ன பெண். அதற்குத்தான் ஆழ்வார்களில் ஒருவராக உட்கார்த்தி வைத்துவிட்டோம். நம் வீட்டுப் பெண் அதையே சொன்னால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

சரி, கவிதையை விட்டுவிட்டு ஊருக்கு வருவோம். காவிரிக்கு வடக்கே இந்தப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு பெண் யாரை விரும்பலாம் என்பது அவள் பிறந்தபோதே முக்கால்வாசி முடிவாகிவிடும். தாய்மாமன், மாமன் மகன், அத்தை மகன் என்று முறையுள்ளவர்கள் ஒரு பக்கம். பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் என்று அண்ணன் தம்பி முறையானவர்கள் இன்னொரு பக்கம். உறவுப்பெயரே வேலி போட்டுவிடும். பெண் பெரியவளானதும் தாய்மாமன் பச்சை ஓலை கொண்டுவந்து குடிசை கட்டுவதும், சீர் வரிசையோடு மஞ்சள் நீராட்டு நடப்பதும் வெறும் சடங்கு மட்டுமல்ல, 'இந்த வீட்டில் பெண் இருக்கிறாள்' என்று ஊருக்குச் சொல்லும் அறிவிப்பு. இன்று மைக் செட்டும் பிளக்ஸ் பேனரும் சேர்ந்திருக்கின்றன, அவ்வளவுதான். உரிமைப்பெண் என்ற சொல்லைக் கவனியுங்கள். உரிமை அவளுக்கு அல்ல, அவள் மீது இன்னொருவருக்கு.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். அந்தக் காலத்தில் எல்லாச் சாதியிலும் பூப்புக்கு முன்பே கல்யாணம் செய்துவிட்டார்கள் என்று பொதுவாக எழுதுவது தவறு. தமிழ்நாட்டில் அது முக்கியமாகப் பிராமணர்களிடமும் அவர்களைப் பார்த்துப் பின்பற்றியவர்களிடமும் இருந்த வழக்கம். மற்ற உழவுச் சாதிகளில் பூப்புக்குப் பிறகுதான் திருமணம். ஆனால் பெரியவளாவதற்கும் தாலி ஏறுவதற்கும் நடுவே அதிக நாள் விடமாட்டார்கள். இந்த இடைவெளிதான் இந்தக் கட்டுரையின் மையம். முதல் காதல் என்பதும், 'நான் யார், எனக்கு யாரைப் பிடிக்கிறது' என்ற கேள்வியும் வளர்வதற்குக் கொஞ்சம் காலம் வேண்டும். அந்தக் காலம் இயற்கையாகக் கிடைத்துவிடவில்லை. நூறு ஆண்டுகளாகச் சட்டமும் பள்ளிக்கூடமும் சேர்ந்து உண்டாக்கியது அது.

சட்டக் கதையைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டம் பெண்ணின் சம்மத வயதை 10 என்று வைத்தது. 1891ல் 12 ஆக உயர்த்தியதற்கே நாடு முழுக்கக் கூச்சல். 1929ல் சாரதா சட்டம் வந்தது. பெண்ணின் திருமண வயது 14, ஆணுக்கு 18. அது 1930 ஏப்ரல் 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. நடுவில் கிடைத்த ஆறு மாதத்தில் அவசர அவசரமாகக் குழந்தைக் கல்யாணங்கள் நடந்தன என்பது வேடிக்கையான, வேதனையான செய்தி. 1949ல் 15, 1978ல் 18. கல்யாண வயதைப் பதினான்கிலிருந்து பதினெட்டுக்குக் கொண்டுவர ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

தமிழ்நாட்டில் இதற்குப் பின்னால் சில பெண்கள் இருந்தார்கள். சகோதரி சுப்பலட்சுமி 1886ல் பிறந்தவர், சிறுமியாக இருக்கும்போதே விதவையானவர். படித்துப் பட்டம் வாங்கி, சென்னையில் இளம் விதவைகளுக்கு இல்லம் நடத்தினார். அதே 1886ல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, பெரியவளான பிறகு வீட்டிலேயே படித்து, புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் திரை மறைவில் உட்கார்ந்து பாடம் கேட்டு, 1912ல் மருத்துவரானார். 1914ல், தன்னைச் சமமாக நடத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு திருமணம் செய்துகொண்டார். சட்டசபைக்குப் போனபோது பெண்ணின் மணவயதை உயர்த்தக் குரல் கொடுத்தார். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணின் மணவயது 16க்கு மேல் இருக்க வேண்டும் என்றும் விவாகரத்து உரிமை வேண்டும் என்றும் தீர்மானம் போட்டது. சாரதா சட்டமே அப்போது வந்திருக்கவில்லை! சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு கிடைக்க 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆனால் சட்டத்தைவிட அதிகமாக இடைவெளியை நீட்டியது பள்ளிக்கூடமும், பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியும்தான். 1989ல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நினைவுத் திருமண உதவித் திட்டம் தொடங்கியது. எட்டாவது வரை படித்து, 18 வயது முடிந்த ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்கு அரசாங்கமே 5000 ரூபாய் தரும். பிறகு பத்தாவது என்று ஆனது, தொகையும் கூடியது. யோசித்துப் பார்த்தால், 'பெண்ணைப் பதினெட்டு வரை வீட்டில் வைத்துப் படிக்க வையுங்கள்' என்று தகப்பனுக்குக் கொடுத்த சன்மானம் அது. 2001ல் மேல்நிலை வகுப்பில் படிக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவியருக்கு இலவச மிதிவண்டி கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் அது எல்லா மாணவ மாணவியருக்கும் ஆனது. 2022ல் திருமண உதவி நிறுத்தப்பட்டு, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய் என்று புதுமைப் பெண் திட்டமாக மாறியது. பணம் கல்யாண வீட்டிலிருந்து பெண்ணின் வங்கிக் கணக்குக்கு இடம் மாறியிருக்கிறது. சின்ன மாற்றமாகத் தெரியலாம், ஆனால் பெரிய விஷயம்.

கல்லங்குறிச்சி மாதிரி ஊரில் பிறந்த பெண்ணுக்கு இதன் அர்த்தம் என்ன? பாட்டிக்குப் பெரியவளானதும் கல்யாணம். அம்மாவுக்கு ஒன்றிரண்டு வருடம் கழித்து. இவளுக்கோ எட்டாவதிலிருந்து பிளஸ் டூ வரை குறைந்தது ஐந்து வருடம், கல்லூரி என்றால் எட்டு வருடம். அதிலும் தினமும் அரியலூர் போகும் பஸ், சைக்கிள், டியூஷன், பக்கத்து சீட்டுத் தோழி. முறைப்பையன் பட்டியலில் இல்லாத முகங்களைப் பார்க்க இதற்கு முன் எந்தத் தலைமுறைக்கும் இவ்வளவு நேரம் கிடைத்ததில்லை.

சினிமா இதை உடனே மோப்பம் பிடித்துவிட்டது. 'பன்னீர் புஷ்பங்கள்', 'அலைகள் ஓய்வதில்லை' இரண்டும் 1981. 2004ல் வந்த 'காதல்' பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி மெக்கானிக்கோடு ஊரைவிட்டுப் போன கதை. ஆனால் பெரும்பாலும் கேமரா பையனின் தோளுக்குப் பின்னால்தான் நின்றது.

இப்போது அந்தத் தோழியிடம் வருவோம். சங்கப் பாடல்களில் தலைவியின் கூடவே இருப்பவள் அவள். தலைவியின் கண் சிவந்தால் முதலில் கவனிக்கிறவள். தூது போகிறாள், பொய் சொல்கிறாள், தலைவனைக் கண்டிக்கிறாள். அவள் மனசில் யார் இருந்தார்கள் என்று எந்தத் துறையும் கேட்கவில்லை. தலைவியையே அவள் விரும்பியிருந்தால்? பாடலில் ஆதாரம் கிடையாது, இருப்பதாகச் சொல்வதும் சரியல்ல. கேள்வி கேட்கப்படவில்லை என்பது மட்டும் உண்மை. தோழியைத் தோழியாக மட்டுமே பார்க்கும் கண்ணுக்கு வேறு எதுவும் தெரியாது. பெண்களிடையே உள்ள காதலின் வரலாறு முழுக்க இப்படித்தான்: தண்டித்ததைவிடக் கண்ணில் படாமல் வைத்ததே அதிகம். பிரிட்டனில் 1921ல் பெண்களிடையேயான உறவையும் குற்றமாக்க ஒரு முயற்சி நடந்தபோது, பிரபுக்கள் சபை அதை வேண்டாம் என்றது. தாராள மனசால் அல்ல. சட்டம் போட்டால் இப்படி ஒன்று இருப்பதே பெண்களுக்குத் தெரிந்துவிடும் என்ற பயம்!

நம் பக்கத்தில், உருதுவில் இஸ்மத் சுக்தாய் 1942ல் 'லிஹாஃப்' கதையை எழுதி, ஆபாச வழக்கில் லாகூர் நீதிமன்றம் வரை போய் விடுதலையானார். 1986ல் பத்மராஜன் மலையாளத்தில் 'தேசாடனக்கிளி கரயாறில்ல' என்று இரண்டு பள்ளி மாணவிகள் ஓடிப்போகும் படம் எடுத்தார். அவர்களுக்குள் இருப்பது நட்பா அதற்கு மேலா என்று படம் வாய்விட்டுச் சொல்லாது. 1998 டிசம்பரில் 'ஃபயர்' ஓடிய தியேட்டர்களை மும்பையிலும் டெல்லியிலும் அடித்து நொறுக்கினார்கள். 2009 ஜூன் இறுதியில் சென்னையில் முதல் வானவில் பேரணி நடந்தது. சில நாள் கழித்து டெல்லி உயர்நீதிமன்றம் 377ஆம் பிரிவைத் தளர்த்தியது. 2013ல் உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2018 செப்டம்பர் 6 அன்று அதே உச்சநீதிமன்றம், வயது வந்தோர் விருப்பத்தோடு வாழ்வது குற்றமல்ல என்று தீர்த்தது.

சட்டம் மாறிவிட்டால் வீடு மாறிவிடுமா? 2021ல் மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம் பெண்கள், ஒருவருக்கு 22 வயது, இன்னொருவருக்கு 20, வீட்டு எதிர்ப்புக்குப் பயந்து சென்னைக்கு வந்தார்கள். பெற்றோர் இருவரும் தனித்தனியாகக் காவல் நிலையத்தில் 'மகளைக் காணவில்லை' என்று புகார் கொடுத்தார்கள். பெண்கள் பாதுகாப்புக் கேட்டு உயர்நீதிமன்றம் போனார்கள். வழக்கு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷிடம் வந்தது.

அவர் செய்தது வழக்கமில்லாதது. பெண்களையும் பெற்றோரையும் உளவியலாளரிடம் அனுப்பினார். அது வழக்கமானதுதான். ஆனால் தீர்ப்பு எழுதும் முன் தானும் அதே உளவியலாளரிடம் போய் உட்கார்ந்தார். இந்த விஷயத்தில் தனக்கே சரியான புரிதல் இல்லை, ஊரில் உள்ள தப்பெண்ணங்கள் தனக்கும் இருந்தன என்பதை உத்தரவிலேயே எழுதினார். 2021 ஜூன் 7 தேதியிட்ட அந்த உத்தரவில், வயது வந்தவர்கள் விருப்பத்தோடு சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால் 'காணவில்லை' புகாரை மேலும் துன்புறுத்தாமல் முடித்துவிட வேண்டும் என்று காவல்துறைக்குச் சொன்னார். பள்ளிகள் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டங்களில் இதைப் பற்றிப் பேச வேண்டும் என்றார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவரின் பாலீர்ப்பை மருத்துவத்தால் 'குணப்படுத்த' முயல்வதைத் தடை செய்தார்.

வேலனையும் கழங்கையும் இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. மகளின் காதலை நோய் என்று எடுத்துக்கொண்டு, குணமாக்க ஆள் தேடிய தாய் சங்கக் காலத்தோடு போய்விடவில்லை. கோடாங்கி, மந்திரிப்பு, வேப்பிலை, பிறகு மாத்திரை, மின் அதிர்ச்சி என்று ஆட்கள்தான் மாறியிருக்கிறார்கள். அன்று வெறியாட்டை நிறுத்தத் தோழி பேச வேண்டியிருந்தது. இந்த முறை பேசியது சம்பந்தப்பட்ட பெண்களே.

அதன் பிறகு சில காரியங்கள் நடந்தன. 2022ல் தமிழக அரசு காவலர் நடத்தை விதியில் திருத்தம் செய்து, இவர்களைத் துன்புறுத்துவதைத் தடுத்தது. அதே ஆண்டு அரசிதழில் ஒரு சொற்பட்டியலும் வந்தது, பத்திரிகைகள் கேவலமான சொற்களை விட்டுவிட்டு எழுதுவதற்கு. தன்பாலீர்ப்பு, பால்புதுமையர் என்ற சொற்கள் செய்தித்தாளில் இன்று சாதாரணமாக வருகின்றன. தனக்கு என்ன நடக்கிறது என்று புரியாமல் தவிக்கும் பெண்ணுக்கு முதலில் தேவைப்படுவது ஒரு சொல். அதுவும் வசவாக இல்லாத சொல். எதிர்ப்பும் இருந்தது. 2021ல் என்சிஇஆர்டி ஆசிரியர்களுக்காக வெளியிட்ட பால் பன்மைப் பயிற்சிக் கையேடு, எதிர்ப்பு வந்ததும் இணையதளத்திலிருந்து மறைந்தது. 2023 அக்டோபரில் உச்சநீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை உரிமையாக ஏற்க மறுத்தது. 2025 மே மாதம் சென்னை உயர்நீதிமன்றம், திருமணம் ஒன்றுதான் குடும்பம் அமைக்கும் வழி என்றில்லை என்று சொல்லி, பெற்றோர் பிடியில் இருந்த 25 வயதுப் பெண்ணைத் தன் விருப்பப்படி போக அனுமதித்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 20, 22, 25. நீதிமன்றம் கதவைத் திறந்தது எல்லாம் பதினெட்டைத் தாண்டியவர்களுக்கு. முதல் காதலோ பெரும்பாலும் அதற்கு முன்பே வந்துவிடுகிறது. 2012ல் வந்த போக்சோ சட்டம், பதினெட்டுக்குக் கீழே உள்ள எவரையும் குழந்தை என்கிறது. குழந்தைகளைக் காப்பாற்றத் தேவையான சட்டம், அதில் சந்தேகமில்லை. ஆனால் பதினேழு வயதுப் பெண்ணும் பதினெட்டு வயதுப் பையனும் விரும்பி ஊரைவிட்டுப் போனாலும் பெண் வீட்டார் கையில் எடுப்பது இதே சட்டத்தைத்தான், முக்கியமாகப் பையன் வேறு சாதியாக இருந்தால். 2019லும் 2021லும் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதிகளே இதைச் சுட்டிக்காட்டினார்கள். 2022 டிசம்பரில் தமிழகக் காவல்துறைத் தலைவர், இருவர் விருப்பத்தோடு நடந்த காதல் விவகாரங்களில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று சுற்றறிக்கை அனுப்பினார். 2023ல் சட்ட ஆணையம் தன் 283ஆவது அறிக்கையில் வயதைக் குறைக்க வேண்டாம், நீதிபதிகளுக்குக் கொஞ்சம் விருப்புரிமை கொடுக்கலாம் என்றது. 2025ல் உச்சநீதிமன்றத்தில் மூத்த வழக்கறிஞர் இந்திரா ஜெய்சிங், 16 முதல் 18 வரை உள்ளவர்களின் காதலைக் குற்றமாக்கக் கூடாது என்று வாதிட்டார். மத்திய அரசு அதை எதிர்த்தது.

இரு பக்க வாதத்திலும் நியாயம் இருக்கிறது. வயதைக் குறைத்தால் பதினாறு வயதுப் பெண்ணைக் கட்டாயக் கல்யாணத்தில் தள்ள வழி கிடைத்துவிடும் என்ற பயம் இந்த மாவட்டங்களைத் தெரிந்தவர்களுக்கு வெறும் கற்பனையாகத் தோன்றாது. 1098க்கு போன் போட்டு மணமேடையில் கல்யாணத்தை நிறுத்தும் செய்திகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. குறைக்காவிட்டால், காதலித்த பெண் நீதிமன்றத்துக்கு வரும்போது அவளுக்கு முன்னால் இருப்பது இரண்டே வழி: பெற்றோருடன் போவது, மறுத்தால் அரசுக் காப்பகம். பையனோடு வந்தவளுக்காவது வழக்கு எண் என்று ஒன்று இருக்கும், வக்கீல் இருப்பார், பத்திரிகையில் இரண்டு வரி வரும். வகுப்புத் தோழியை விரும்பும் பதினாறு வயதுக்காரிக்கு அதுவும் கிடையாது. வீட்டில் தெரிந்தால் பள்ளிக்கூடத்தை மாற்றுவார்கள், இல்லாவிட்டால் மாப்பிள்ளை பார்ப்பார்கள். அவள் பெயர் எந்த ஆவணத்திலும் ஏறாது. இற்செறிப்பு என்ற சங்கச் சொல் அகராதியில் இன்னும் இருக்கிறது.